மூட்டை மாப்பிள்ளை

ஒரு தேயிலை மூட்டைக்கு மஞ்சள் கயிறு கட்டி, அதோடு ஒரே அறையில் வாரக்கணக்காகக் குடித்தனம் நடத்திய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பக்கம் இருந்தார். வேறு எங்காவது இன்னொருவர் இருந்தால் அவருக்கும் அவர் மூட்டைக்கும் என் அனுதாபங்கள்.

நான் ஓர் இடத்தில் நிலைத்து நின்றவன் இல்லை. அக்கரப்பத்தனையில் பிறந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கொழும்பில் சாப்பாட்டுக் கடை, பொல்பிட்டியவில் கொத்தனாருக்குக் கையாள், நுவரெலியாவில் கரட் கிழங்கு கழுவுவது என்று சுற்றியதில் கிறுக்குப் பிடித்த ஆட்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாகிவிட்டது. வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பொதி செய்யும் தொழிற்சாலையில் மூட்டை தூக்கினேனே, அங்கே பார்த்த இந்த ஆளுக்குக் கிட்ட அவர்களில் ஒருவரும் வரமுடியாது. அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மூட்டை மாப்பிள்ளை.

தொழிற்சாலை இருந்தது, கைவிட்ட தோட்டம் ஒன்றின் பழைய கட்டடத்தில். பக்கத்து மலையில் பறித்த கொழுந்து தூளாகி, கொழும்புக்குப் போய் ஏலத்தில் விலைபோய், அதே லொறிப் பாதையில் மலையேறி எங்களிடம் மூட்டையாக வரும். நாங்கள் அதைக் கலந்து, சின்னப் பைகளாக்கி, அட்டைப்பெட்டியில் அடைத்து மறுபடி கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவோம். மலையில் பிறந்த மனிதருக்கு இருக்கும் அலைச்சல் மலையில் பிறந்த தேயிலைக்கும் உண்டு.

அந்த வருடம் எங்களிடம் வாங்கும் வெளிநாட்டுக்காரன் ஒரு குண்டைப் போட்டான். ஓடர் கொடுத்தால் சரக்குக் கப்பலேற இரண்டு மாதம் ஆகிறது, மூன்று வாரத்தில் முடியாதென்றால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்கிறேன் என்றான். அந்த ஓடர் போனால் கேட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று மெனேஜர் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

கேட்டைப் பூட்டினால் எனக்கு ஒன்றுமில்லை, இன்னொரு ஊர். பெட்டி அடைக்கும் மேசைக்குத் தலைவியாக இருந்த சரோஜா அக்காவுக்கு அப்படி இல்லை. அவர் கொழுந்து மலையிலிருந்து வெளியே வந்தவர். புருசன் கொழும்புக்குப் போனவன் கொழும்பிலேயே கரைந்துவிட்டான். மகள் ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை படிப்பை முடிக்கும்வரை இந்த வேலை இருக்க வேண்டும். அக்கா கடவுளிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

அந்த நேரத்தில்தான் மெனேஜர் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். கட்டுநாயக்கப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலையைச் சீக்கிரம் முடிக்க வழி சொல்லிக்கொடுத்தவராம். ஒல்லியான ஆள், முழங்கால் தெரியும் அளவுக்குத் தேய்ந்த காற்சட்டை. எப்போதும் நெற்றிக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடி. அது கண்ணுக்கு இறங்கி நான் பார்த்ததில்லை.

வந்த முதல் நாள் எல்லாரும் அவர் மெஷினைப் பார்ப்பார் என்று நினைத்தோம். அவர் லொறியிலிருந்து இறங்கிய மூட்டைகளில் ஒன்றின் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். ஹட்டனில் கோவில் பக்கத்துக் கடையில் வாங்கியது. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியுமாம், அதுதான் காரணம். ஆனால் பெண்கள் நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஓர் ஆண்பிள்ளை மூன்று முடிச்சுப் போட்டால் சும்மா விடுவார்களா.

"ஏன் சேர், முகூர்த்தம் பாத்தீங்களா?"

"பொண்ணு கொஞ்சம் குண்டு. சாப்பாட்டுக்குக் கட்டுபடியாகுமா?"

அவர் சிரிக்கவில்லை. "இது எங்க போகுதோ அங்க நானும் போவேன்" என்றார். அதைக் கேட்டபிறகு பெயர் வைக்கச் சிரமப்படவே இல்லை.

மூட்டை எங்கேயும் போகவில்லை. களஞ்சிய அறையில் கிடந்தது. அவரும் ஒரு முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மதியம் சோற்றுப் பொட்டலத்தை அங்கேயே பிரித்தார். நான் மூட்டை எடுக்கப் போனபோது கேட்டேன்.

"சேர், என்ன செய்றீங்க?"

"காத்துக்கிட்டு இருக்கேன்."

"யாருக்கு?"

"நான் இல்லப்பா. மூட்டைதான் காத்துக்கிட்டு இருக்கு. நான் தொணைக்கு இருக்கேன்."

சுவரில் சோக்கட்டியால் அடையாளம் போட்டார். மூட்டை சும்மா கிடந்தால் கோடு, யாராவது அதைத் தொட்டு வேலை செய்தால் வட்டம். மூட்டை பிரிந்து கலவையானது, பைகளானது, பெட்டிகளானது. அவரும் பின்னாலேயே போனார். போகும் இடமெல்லாம் சுவரில் கோடாகவே விழுந்தது. வட்டங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். "இந்தத் தேயிலைய ரெண்டு மாசம் வச்சிருக்கோம். அதுல நம்ம கை பட்டது மொத்தமா ஒரு நாள் வராது. மத்த நேரமெல்லாம் படுத்துக் கெடந்திருக்கு" என்றார். மெனேஜர் கோடுகளைத் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். படுத்துக் கிடந்தது அவருடைய தேயிலை.

இந்த வியாதி தொழிற்சாலையோடு நிற்கவில்லை. அவருக்கு அறை கொடுத்திருந்த அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன நேரத்தில் அவர் சமையலறையை ஒழுங்குபடுத்திவிட்டார். எது அடிக்கடி வேண்டுமோ அது கைக்குக் கிட்டேயாம். அந்த அம்மா ஒரு வாரம் மிளகாய்த் தூளைத் தேடினார், ஒவ்வொரு வேளையும் மாதாவிடம் முறையிட்டுக்கொண்டு. தோட்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், சோறு முதலில் வந்து சாம்பார் பின்னால் வருவதைக் கண்டு தாங்க முடியாமல் எழுந்து, பரிமாறுகிறவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார். பந்தி பறந்தது. கடைசிப் பந்தியும் முடிந்து சனம் கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்தபோது மண்டபத்தில் இருந்தது பெண்ணும், பெண்ணின் அப்பாவும், கழுவிய அண்டாக்களும். பெண்ணின் அப்பா இவரைத் தேடிக்கொண்டு அகப்பையோடு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

விசயத்துக்கு வருகிறேன். கோடுகள் அதிகமாக விழுந்த இடம் சரோஜா அக்காவின் மேசை. அங்கே அடைத்து முடித்த பெட்டிகள் அடுத்த மேசைக்குப் போகாது. ஒவ்வொரு பெண்ணும் தன் பெட்டிகளைக் காலடியில், முதுகுக்குப் பின்னால், மடியில்கூட வைத்துக்கொண்டு இருப்பாள். மேற்பார்வையாளர் மதியம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை வந்து எண்ணிய பிறகுதான் கையை எடுப்பாள். அதற்குள் அடுத்த மேசை வீட்டுக்குப் போயிருக்கும். மறுநாள் அந்த மேசையும் தன் பெட்டிகளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளும். மெனேஜர் இதற்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டவர்.

மாப்பிள்ளை கத்தவில்லை. அக்காவின் மேசைக்குக் கீழே, பெட்டிகளோடு பெட்டியாகத் தரையில் உட்கார்ந்து கேட்டார்.

"ஏங்க்கா, முடிஞ்ச பெட்டிய ஏன் தள்ளிவிட மாட்டேங்கிறீங்க?"

"நிறுக்காம கொழுந்த எவளாவது அடுத்தவ கையில குடுப்பாளா?" என்றார் அக்கா, கையை நிறுத்தாமல்.

அவ்வளவுதான் காரணம். மலையில் கொழுந்து நிறுக்கும் நேரம் என்று உண்டு. தராசில் ஏறும்வரை கூடையை விட்டு ஒருத்தியும் நகரமாட்டாள். ஏறிய பிறகும் ஈரத்துக்கென்று ஒரு கழிவு, சாக்குக்கென்று ஒரு கழிவு. ஆட்களை மேய்க்கும் கங்காணி கண்ணெதிரிலேயே கழிப்பான். கண்ணுக்கு மறைவாக விட்டால் என்ன ஆகும் என்று அம்மா மகளுக்குச் சொல்லி, அந்த மகள் தன் மகளுக்குச் சொல்லி வந்திருக்கிறது. இங்கே தராசும் இல்லை, கங்காணியும் இல்லை. ஆனால் கைகள் அவைதான்.

மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மெஷின்ல கோளாறுன்னு நெனச்சு என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. உங்க கங்காணிதான் இன்னும் இந்த மேசைக்கிட்ட நிக்கிறான்."

"அவன் நிக்கிறானோ போறானோ. தள்ளிவிட்டுட்டா அது என் பெட்டின்னு எப்படித் தெரியும்? என் மூஞ்சிய வெட்டி ஒட்டி அனுப்பவா?" என்று சொல்லிவிட்டு அக்கா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்துப் பெட்டியின் மூலையில் அறைந்தார். கேலிக்குத்தான் செய்தார். மூக்குக்கண்ணாடி இருந்தும் கேலி தெரியாத ஆள் அவர். பெட்டியைத் தூக்கி அப்படியும் இப்படியும் பார்த்தார்.

மறுநாள் ஹட்டனிலிருந்து ஒரு பை நிறையப் பொட்டு அட்டைகளோடு வந்தார். சிவப்பு, பச்சை, கல் வைத்தது, நாமம் போல நீட்டியது. கடைக்காரர் "வீட்டுல எத்தனை பொம்பளைப் பிள்ளைங்க?" என்று கேட்டாராம். "நாப்பது" என்று சொல்லியிருக்கிறார். ஒருத்திக்கு ஒரு தினுசு. அடைத்ததும் தன் பொட்டை ஒட்டி உடனே தள்ளிவிட வேண்டும். எண்ணிக்கை கடைசி வாசலில், எல்லாருக்கும் முன்னால். கத்தோலிக்கரான பிலோமினா பொட்டு வைப்பதில்லை. அவள் இருப்பதிலேயே பெரிய, கல் வைத்த பொட்டாக எடுத்துக்கொண்டாள். "நெத்தியிலதான் குடுத்து வைக்கல, பெட்டியிலயாச்சும் இருக்கட்டும்."

ஆனால் சரோஜா அக்கா ஒட்டவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"சேர், வேலை சீக்கிரம் முடிஞ்சா எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாங்களா?"

"அனுப்ப மாட்டாங்க."

"யாரு சொன்னது?"

அவர் நேரே மெனேஜரிடம் போனார். மறுநாள் காலை வேலை தொடங்குமுன், பிள்ளையார் படமும் மாதா படமும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்த சுவருக்கு முன்னால் மெனேஜரை நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வைத்தார். "ஓடர் நேரத்துக்குப் போனா ஒருத்தரையும் நிப்பாட்ட மாட்டேன்" என்றார் மெனேஜர். மாப்பிள்ளை பக்கத்தில் பெண் கொடுத்த மாமனார் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா முதல் பொட்டை ஒட்டித் தள்ளினார்.

பெட்டிகள் ஓடின. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. களஞ்சியத்தில் மூட்டைகள் தூங்குவது நின்றது. இரண்டு மாதம் எடுத்த சரக்கு மூன்று வாரத்துக்குள் கப்பலேறியது. வெளிநாட்டுக்காரனிடமிருந்து பெட்டி மூலையில் இருக்கும் வட்டங்கள் என்ன என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. மெனேஜர் கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு பெட்டியையும் கையால் சோதித்ததற்கான தர முத்திரை என்று பதில் போட்டார். அவன் மகிழ்ந்துபோய் இனி எல்லாப் பெட்டியிலும் அது வேண்டும் என்றான். அடுத்த தடவைக்குப் பொட்டைப் பெட்டியிலேயே அச்சடித்து வாங்கினார்கள். எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே அளவு. எண்ணுவதற்கு வாசலில் ஒரு கருவி வந்தது. பிலோமினாவின் கல் பொட்டு அட்டை பாதியில் நின்றது.

அதெல்லாம் பிறகு. அந்த முதல் ஓடர் கப்பலேறியதும் கேக் வெட்டினார்கள். மெனேஜர் மாப்பிள்ளைக்கு ஒரு சால்வை போர்த்தினார். அடுத்த திங்கட்கிழமை நாங்கள் வேலைக்குப் போனால், கேட்டிலேயே சொன்னார்கள்: ஓடர் முடிந்துவிட்டது, அடுத்தது வந்ததும் போன் பண்ணுவோம், வேண்டிய ஆட்களுக்கு வேண்டிய நாளைக்கு.

முன்பெல்லாம் மந்தமான வேலை மாதம் முழுவதையும் நிரப்பியிருந்தது. இப்போது அதே வேலை மாதத்தின் ஒரு மூலையில் அடங்கிவிட்டது. மிச்ச நாட்கள் யாருடையவை என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. மூட்டை தூக்குகிற எனக்கு அந்த மூலையும் இல்லை. களஞ்சியத்தில் மூட்டையே நிற்காதபோது தூக்குவதற்கு என்ன இருக்கிறது. எனக்கு அது பழக்கம். பிந்திய சம்பளம் ஒன்று கைக்கு வரவேண்டியிருந்ததால் தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கும் லயத்தில் தெரிந்த ஒருவரிடம் தங்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

சரோஜா அக்கா மாப்பிள்ளையைத் தொழிற்சாலை வாசலிலேயே பிடித்தார்.

"மூட்டைக்குத்தான்யா நீ மாப்பிள்ளை. எங்களுக்கு எமன்."

அவர் "ஓடர் வரும்க்கா, சீக்கிரம் வரும்" என்று சொல்ல வாயெடுத்தார். 'சீக்கிரம்' என்ற சொல்லுக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது.

எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரம். அதன் ஒரு கிளையில் மட்டும் இரண்டு கோடு விழும். எனவே வேலைக்குக் கூப்பிடக் காத்திருந்த பெண்கள் போன்களைப் பொலித்தீன் பைகளில் போட்டுக் கிளையில் கட்டிவிட்டு, கீழே உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் மரம் ஏதோ புது ரகமாகக் காய்த்த மாதிரி இருக்கும். விறகுக்குப் போக முடியாது, கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போக முடியாது. மணி அடித்து எடுக்காவிட்டால் அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை அந்த மரத்தடியில் இருந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து.

"என்ன சேர் இங்க?" என்றேன்.

"காத்துக்கிட்டு இருக்காங்க. கூட இருக்கேன்."

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. தொட்டிச் சுவரில் சோக்கட்டியால் கோடு போட்டார். மறுநாளும் வந்தார், மழையிலும் வந்தார். ஒரு மத்தியானம் அக்காவின் போன் அடித்தது. எல்லாரும் எழுந்துவிட்டோம். அவர் வட்டம் போடச் சோக்கட்டியைத் தூக்கிவிட்டார். புதுப் பாட்டை ரிங்டோனாக வைக்கச் சொல்லி ஒரு பெண் குரல். அக்கா அதை முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தார். "நல்லாத்தான் பாடுறா" என்றார். அவர் கோடு போட்டார்.

அன்று சாயங்காலமே மெனேஜரிடம் போனார். என் சம்பளத்தைக் கேட்க நானும் போயிருந்தேன், கதவுக்கு வெளியே நின்றேன்.

"காத்திருக்கிறது கொறையல சேர். எடம் மாறியிருக்கு. முன்ன மூட்டை காத்திருந்துச்சு. இப்ப ஆளுங்க காத்திருக்காங்க."

"மூட்டை கெடந்தா எனக்குச் செலவு" என்றார் மெனேஜர். குரலில் கோபம் இல்லை, கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். "அவங்க அவங்கவங்க வீட்டுலதானே இருக்காங்க."

"மிச்சமான நாளுக்கு இன்னொரு ஓடரைப் புடிக்கணும். அதுக்குத்தானே நாளைக் கொறச்சது."

"அத நான் பாத்துக்கிறேன்."

"ஒருத்தரையும் நிப்பாட்ட மாட்டேன்னு சாமி படத்துக்கு முன்னால சொன்னீங்க."

"நிப்பாட்டினேனா? யார நிப்பாட்டினேன்? எல்லார் நம்பரும் என்கிட்ட இருக்கு."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மாப்பிள்ளையின் குரல். "அப்ப என் நம்பரையும் அதுலயே சேத்துக்கங்க."

வெளியே வந்தார். கொண்டுபோயிருந்த சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அதன்பிறகு அவர் போனும் கொய்யா மரத்தில் தொங்கியது. அதை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும். சில நாட்களில் மரத்தடியில் இருக்கமாட்டார். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வரைக்கும் பாதையோரத்தில் பொதி செய்யும் இடம் எது கண்ணில் பட்டாலும் ஏறி, கைதேர்ந்த நாற்பது பேர் இருக்கிறார்கள், நாள் கூலிக்கு வேண்டாம், நிரந்தரமாகக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். எல்லாரும் குடிக்கப் பிளேன்டி மட்டும் கொடுத்தார்கள். இரண்டு இடத்தில், எங்கள் வேலையைச் சீக்கிரமாக்கிக் கொடுங்கள், நல்ல சம்பளம் தருகிறோம் என்று அவரையே கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தேன். அவரும் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்காவின் மகள் பரீட்சை எழுதவில்லை. தெரிந்தவர் ஒருவர் கொழும்பில் உடுப்புக் கடையில் இடம் இருக்கிறது என்றார். பிள்ளை புத்தகங்களைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு ஒரு பையோடு கிளம்பினாள். மாப்பிள்ளைதான் பஸ் நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனார். யாரும் தூக்கச் சொல்லவில்லை. அக்கா அவரைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். பஸ் போன பிறகும் அவர் ரோட்டோரத்தில் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் மரத்தடியில் வாளி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அறைக்கார அம்மாவிடம் போய்க் கேட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், எங்கே என்று சொல்லவில்லை என்றார். "மொளகாத் தூள எடுத்து பழைய எடத்துலயே வச்சுட்டுப் போயிருக்காரு" என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு நானும் எத்தனையோ இடம் மாறிவிட்டேன். அந்தப் பக்கம் போகும்போது சரோஜா அக்காவைப் பார்ப்பதுண்டு. மாதத்தில் பத்து நாள் கூப்பிடுகிறார்கள், சில மாதம் அதுவும் இல்லை. ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொடுத்துவிட்டு, அந்த மனுசனை முதலிலிருந்து கடைசிவரை திட்டுவார். மகளின் படிப்பு, போன், மெனேஜர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவருக்கே விழும். மெனேஜரைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அவர் காதில் விழாது என்பார். திட்டி முடித்ததும், "நீ ஊர் ஊரா சுத்துற ஆளுதானே. அவர எங்கயாச்சும் பாத்தியா?" என்பார். இல்லை என்பேன். "இங்க இருந்த அத்தனை நாள்ல ஒரு வாய் சோறு போட்டு அனுப்பல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வார்.

எனக்கும் பழகிப்போய்விட்டது. புது ஊரில் வேலைக்கு இறங்கினால் பஸ் தரிப்பிடம், ஆஸ்பத்திரி வாங்குப் பலகை, அரசாங்கக் கச்சேரி வாசல் என்று ஆட்கள் காத்துக் கிடக்கிற இடங்களில் நெற்றிக்கு மேலே மூக்குக்கண்ணாடி தெரிகிறதா என்று பார்க்கிறேன். கண்டால் அக்கா சொல்லி அனுப்பியதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லித் திட்ட வேண்டும். திட்டி முடித்த பிறகு, அவருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.